மன்றோ துரையும் ஒரு படிக்கிணறும்



நம் நுழைவாயிலுக்குள் வட்டமாக ஒரு தொட்டி கட்டி, நடுவில் மூன்றடுக்குத் தட்டு வைத்து, ஒரு நீரூற்று நிற்பது உங்களுக்குத் தெரியும். வீடு வாங்கும்போது பில்டர் கொடுத்த விளம்பரத் தாளில் அது வண்ண விளக்குகளோடு பொங்கிக்கொண்டிருந்தது. குடிவந்த முதல் வருடம் புத்தாண்டுக்கு ஒரு நாள், பொங்கலுக்கு ஒரு நாள் ஓடியது. அதற்குப் பிறகு மோட்டார் பழுது. மழைத் தண்ணீர் தேங்கினால் கொசு, தேங்காவிட்டால் சிப்ஸ் பாக்கெட் என்று காலம் போகிறது. அதைச் சரி செய்வதா, இடித்துவிட்டு டூவீலர் நிறுத்த இடம் பண்ணுவதா என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் பேசினோம். டீ ஆறியதுதான் மிச்சம்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஊர்களில் நாற்சந்திகளில் பழைய நீரூற்றுகள் இருக்கின்றனவே, அதில் ஏதாவது ஒன்றின் கதையை அடுத்த இதழுக்கு எழுதித் தரக் கூடாதா என்று கேட்டார். பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கு என்ன குறை என்று அவர் நினைப்பு.

யோசித்துப் பார்த்தேன். மும்பையில் 1864-ல் எழுந்த ஃப்ளோரா நீரூற்று இருக்கிறது. சென்னையில் விக்டோரியா பொது மண்டபத்தின் வளாகத்தில் கவர்னர் டிரெவெல்யன் பெயரில் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி பாரதி பூங்காவில் நீங்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்ட ஆயி மண்டபம், ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. தன் வீட்டையே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் பெயர் அதற்கு. ஆக, ஒரு மனிதரை நினைவில் வைக்கத் தண்ணீரைப் பயன்படுத்துவது எங்கும் உள்ள வழக்கம்தான்.

அப்படி யோசித்துக்கொண்டே போனபோது, நம் தருமபுரியில் ஏழு வருடம் குடியிருந்த ஒருவருக்கும் தண்ணீரால் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது ஞாபகம் வந்தது. அது பீய்ச்சி அடிக்கிற நீரூற்று அல்ல, இறங்கி மொண்டுகொள்கிற கிணறு. அது இருப்பதும் இங்கே அல்ல, ஆந்திராவில். ஆனால் அந்த ஆளின் கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் தாமஸ் மன்றோ. சென்னை தீவுத்திடலை ஒட்டிக் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் என்றால் சட்டென்று புரியும்.

மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761 மே 27 அன்று பிறந்தார். அப்பா அலெக்சாண்டர் மன்றோ வியாபாரி. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வர்த்தகம். பையன் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் வரை படித்தான். சின்ன வயதில் வந்த ஒரு நோயால் காது கொஞ்சம் மந்தம். கதைப் புத்தகப் பைத்தியம் வேறு. டான் குவிக்ஸோட் நாவலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக ஸ்பானிஷ் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டவன். படிப்பு முடிந்ததும் அப்பா அவனை ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்த்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது என்பதை ஒளிக்கப் போவதில்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் பேரேட்டின் முன்னால் உட்கார்ந்தவன் நான். சரித்திரத்தில் வரும் பெரிய மனிதர்களில் எத்தனை பேர் பற்று வரவு எழுதித் தொடங்கினார்கள், சொல்லுங்கள்?

அமெரிக்க சுதந்திரப் போர் வந்தது. வர்ஜீனியாவில் சிக்கிக்கொண்ட பணம் சிக்கிக்கொண்டதுதான். அப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. வேறு வழி தேட வேண்டிய நிலையில், கிழக்கிந்தியக் கும்பினியின் மதராஸ் படையில் கேடட் என்ற அடிமட்ட வேலை கிடைத்தது. 1780 ஜனவரியில் மதராஸ் வந்து இறங்கியபோது பதினெட்டு வயது. அந்த வருடமே ஹைதர் அலியோடு சண்டை மூண்டது. நான்கு வருடம் படையோடு அலைந்தார். சம்பளம் சொற்பம். பசி, தாகம், களைப்பு, வறுமை எதையும் இந்தியாவுக்கு வருவதற்கு முன் தான் அறிந்ததில்லை என்று ஊரில் இருந்த சகோதரிக்கு எழுதியிருக்கிறார். அந்தச் சொற்பத்திலும் நொடித்துப்போன பெற்றோருக்குப் பணம் அனுப்பினார். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இது புரியும்.

சண்டை இல்லாத நாட்களில் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். அந்தப் படிப்புதான் அவரை நம் பக்கம் கொண்டுவந்து விட்டது. எப்படி என்றால், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் கும்பினியின் பங்குக்கு வந்தவற்றில் ஒன்று பாரமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பகுதி. அதோடு சேலமும் வந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு ஒரு சிக்கல். மதராஸில் இருந்த வரிவசூல் அதிகாரிகளுக்கு மக்கள் மொழி தெரியாது. எல்லாம் துபாஷிகள் கையில். அதனால் சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு, மொழி தெரிந்த ராணுவத்தாரை அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவர். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: கிரகாம், மெக்ளியாட், மன்றோ. மூன்றாமவருக்கு வாய்த்தது நம் தருமபுரி. அப்போது அவருக்கு வயது 31.

1792 முதல் 1799 வரை ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில்தான் மன்றோ மன்றோ ஆனார் என்பது என் கட்சி. பின்னால் கவர்னராகி அவர் செய்த எல்லாவற்றுக்கும் பாடம் இங்கே படித்ததுதான்.

வேலை என்ன? நிலத்தை அளப்பது. ஒவ்வொரு வயலையும் தனித்தனியாக அளந்து, நஞ்சையா புஞ்சையா தோட்டமா என்று பிரித்து, மண்ணின் தரம் பார்த்து, அதற்கு என்ன தீர்வை போடலாம் என்று முடிவு செய்வது. ரீட் தொடங்கிவைத்த இந்த அளவையை, தன் பகுதியில் மன்றோ கிராமம் கிராமமாகப் போய் நடத்தினார். கூடாரத்தில் தங்கல், குதிரையில் பயணம். விடிந்ததிலிருந்து விவசாயிகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். ஒருவருக்கு மழை இல்லை, ஒருவருக்கு மாடு செத்தது, ஒருவருக்குப் பங்காளி வரப்பைத் தள்ளிவிட்டான். கிராமக் கணக்கரின் ஏடு ஒன்று சொல்லும், வயல் வேறொன்று சொல்லும். எது நிஜம் என்று நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். காது மந்தமான ஒருவர் நாள் முழுக்க ஊர்க் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்த காட்சியைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். நம் செயலாளருக்கும் பொருளாளருக்கும் இது ஆறுதலாக இருக்கும்.

நான் வேலை பார்த்த கிளை இந்த மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரில் இருந்தது. பயிர்க்கடன், கிணறு ஆழப்படுத்தக் கடன், பம்ப்செட் கடன் என்று வருபவர்களிடம் கவுண்டரில் நான் முதலில் கேட்டது சிட்டாவும் அடங்கலும்தான். இந்தச் சர்வே எண்ணில் இத்தனை ஏக்கர், இன்னாருடையது, இந்தப் பருவத்தில் இந்தப் பயிர் என்று ஒரு தாள் சொல்லிவிடும். எத்தனை ஆயிரம் அடங்கலைப் புரட்டியிருப்பேனோ, அதற்கு ஒரு வரலாறு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: இடையில் ஜமீன்தார் யாரும் இல்லாமல், சர்க்கார் ஒரு பக்கம், பட்டாக்காரர் ஒரு பக்கம் என்று நேருக்கு நேர் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த ரயத்துவாரி முறையின் முதல் ஒத்திகை நடந்தது நம் பாரமகாலில்தான். வங்காளத்தில் அதே காலத்தில், 1793-ல், காரன்வாலிஸ் நேர்மாறாக ஜமீன்தார்களிடம் நிலத்தை நிரந்தரமாக ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

மன்றோவைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. அவர் கும்பினியின் ஆள். வசூல் செய்யத்தான் வந்தார், செய்தார். தீர்வை விகிதமும் அதிகம்தான். ரயத்துவாரி பின்னால் வேறு அதிகாரிகள் கைக்குப் போனபோது, பாக்கிக்காக விவசாயியை வெயிலில் நிறுத்துவதும் அடிப்பதும் நடந்தது. அதை விசாரிக்கவே ஒரு கமிஷன் போட்டு, 1855-ல் அறிக்கை வந்தது. ஒரு முறையை வகுத்தவர் நல்லவராக இருந்தால் மட்டும் அந்த முறை நல்லபடி நடந்துவிடாது. பேங்கில் சர்க்குலர்கள் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தருமபுரியில் அவர் வீடு கட்டிக்கொண்டார். தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கு இருந்த பாசம் ஊருக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிறது. கல்யாணம் ஆகாத மனிதர், சுற்றிலும் மலை, சாயங்காலம் ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. செடி கொடிதான் துணை. 1799-ல் நான்காம் மைசூர்ப் போர் வந்து, திப்பு விழுந்த பிறகு, மன்றோவைக் கன்னடக் கடற்கரைப் பகுதியான கனராவுக்குக் கலெக்டராக மாற்றினார்கள். பதவி உயர்வுதான், ஆனால் போக மனமில்லை. அங்கே பெய்த மழையும், போட்ட வேலையும் பிடிக்காமல் வேறு இடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தருமபுரியில் இருந்து மாற்றலாகிப் போய், ஊர் ஏக்கம் பிடித்துத் திரும்பி வந்த சிலரை நம் பிளாக்கிலேயே காட்ட முடியும். முதல் ஆள் மன்றோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போன சில வருடங்களிலேயே அவர் உழைப்பு இங்கே வீணானது. வங்காளத்தைப் பார்த்துச் சேலம் ஜில்லாவிலும் நிரந்தரத் தீர்வை வந்தது. கிராமங்களைச் சேர்த்து மிட்டா என்று பிரித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். ஏலத்தொகையைக் கட்ட முடியாமல் பலர் கைவிட, மிட்டாக்கள் பல சர்க்காரிடமே திரும்பி வந்தன. மிட்டா ரெட்டிஅள்ளி, மிட்டா நூலஅள்ளி என்று பஸ் போர்டில் தினமும் பார்க்கிறோமே, அந்த மிட்டா இதுதான்.

மன்றோவுக்குக் கனராவிலிருந்து விடுதலை 1800-ல் கிடைத்தது. ஹைதராபாத் நிஜாம் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பல்லாரி, அனந்தபூர், கடப்பைப் பகுதிகளுக்குத் தலைமைக் கலெக்டர் ஆனார். நம்மைவிட வறண்ட சீமை. ஊருக்கு ஊர் பாளையக்காரர்கள், அவர்களுக்கென்று கோட்டை, ஆள்படை. ஏழு வருடம் பெரும்பாலும் கூடாரத்திலேயே இருந்து அந்தச் சீமையை அடக்கினார், அளந்தார். தருமபுரிப் பாடத்தை அங்கே பெரிய அளவில் செய்து பார்த்தார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1807-ல் அந்த வேலையை விட்டுத் தாய்நாட்டுக்குக் கிளம்பும் முன், மேலிடத்துக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பினார். தீர்வை சுமை அதிகம், எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்றார். கிணற்றாலும் ஏற்றம் போன்ற இறைவைகளாலும் பாயும் நிலத்துக்கு இன்னும் ஒரு 8 சேர்த்து, நூற்றுக்கு 33 குறைக்க வேண்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: கிணற்றையும் இறைவையையும் விவசாயி தன் செலவில் பழுதில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எழுதியவன் கண்ணோடு இதைப் பார்த்தேன், அசந்துபோனேன். தண்ணீரைத் தேடி எடுப்பவனுக்குத் தள்ளுபடி. ஆனால் அது சும்மா அல்ல, மெயின்டெனன்ஸுக்கான தள்ளுபடி. ஆற்றுப் பாசனம் வாய்த்தவனுக்குத் தண்ணீர் தானாக வரும். கிணற்றுக்காரனுக்கு மாடு வேண்டும், கவலை வேண்டும், கயிறு வேண்டும், வருடா வருடம் தூர் வார ஆள் வேண்டும். இந்தச் செலவெல்லாம் மகசூலைப் பார்த்து மட்டும் தீர்வை போடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. வரப்பில் உட்கார்ந்து விவசாயி புலம்பலைக் கேட்டவருக்குத்தான் தெரியும். நம் மாவட்டத்துக் கிணறுகளைப் பார்த்துத்தான் அவருக்கு இந்தக் கணக்குப் பிடிபட ஆரம்பித்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த மேலிடம் உடனே ஒத்துக்கொண்டிருக்கிறது? மன்றோ லண்டன் போனார். நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 1814-ல், ஐம்பத்து மூன்றாவது வயதை நெருங்கும்போது, ஜேன் கேம்ப்பெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, நீதித்துறைச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைவராக மறுபடி மதராஸ் வந்தார். நடுவில் மராட்டியப் போரில் ஒரு படைக்குத் தலைமை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 1820-ல் மதராஸ் மாகாணத்தின் கவர்னராக வந்து உட்கார்ந்தார். பதின்மூன்று வருடத்துக்கு முன் தான் எழுதி, கிடப்பில் போடப்பட்ட அதே யோசனையை எடுத்து, அந்தத் தள்ளுபடியைக் கொடுக்க வைத்தார். ஃபைல் தன் மேஜைக்கே திரும்பி வரும் பாக்கியம் எத்தனை குமாஸ்தாக்களுக்குக் கிடைக்கும்!

கவர்னராக ஏழு வருடம். ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறை ஆனது. 1822-ல் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று ஜில்லா வாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி இன்று யார் எழுதினாலும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள். 1824 டிசம்பரின் கடைசி நாளில் எழுதிய ஒரு நீண்ட குறிப்பில், இந்த நாட்டு மக்களைப் பெரிய பதவிகளில் அமர்த்த வேண்டும், என்றாவது ஒரு நாள் தங்களைத் தாங்களே ஆளும் நிலைக்கு அவர்கள் வரும்போது ஆங்கிலேயர் விலகிக்கொள்வதே நல்லது என்ற கருத்தை வைத்தார். காங்கிரஸ் பிறக்க இன்னும் அறுபது வருடம் இருந்தது.

1826-ல் குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் மனைவி கப்பல் ஏறினார். மன்றோவும் ராஜினாமா அனுப்பிவிட்டு, அடுத்த கவர்னர் வரக் காத்திருந்தார். மதராஸிலேயே சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பழைய சீமையை, பழைய ஜனங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று 1827 கோடையில் கிளம்பினார். வழியில் காலரா பரவிக்கொண்டிருந்தது. அவரோடு வந்த படையாட்களிலும் சிலருக்கு வந்தது. ஜூலை 6 அன்று, இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டா என்ற ஊரில் கூடாரம் போட்டிருந்தபோது காலையில் அவருக்கும் கண்டது. அன்று இரவே முடிந்துவிட்டது. வயது 66. பக்கத்தில் இருந்த குத்தி கோட்டைக்குக் கொண்டுபோய் மறுநாள் அடக்கம் செய்தார்கள். மும்பை ரயிலில் போனவர்கள் குத்தி ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1831-ல் அங்கிருந்து எடுத்துவந்து, சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

நினைவுச் சின்னம் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மதராஸில் பெரிய மனிதர்கள் நிதி திரட்டினார்கள். லண்டனில் புகழ்பெற்ற சிற்பி ஃபிரான்சிஸ் சான்ட்ரி வெண்கலத்தில் குதிரையும் ஆளுமாக வார்த்தார். கப்பலில் வந்து 1839-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலை இன்றும் அசையாமல் நிற்கிறது. சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை சென்னையில் உலவுகிறது. நம்பாதீர்கள். அவர் 1841-ல் உடல்நலம் கெட்டு இறந்தார். லண்டனில் நீரூற்றுகளுக்குப் பேர்போன டிராஃபல்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலை இருக்கிறது. அந்தக் குதிரைக்கும் சேணம் கிடையாது. அது அவர் பாணி.

இது மதராஸ் கதை. அவர் உயிர் போன பத்திகொண்டாவில் அரசாங்கம் வேறு விதமாக நினைவு வைத்தது. மரங்கள் நட்டு ஒரு தோப்பு உண்டாக்கி, கற்படிகள் வைத்து ஒரு பெரிய கிணறு வெட்டியது. குத்தியில் வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டியது. கூடாரத்திலும் குதிரையிலும் வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு, வெயிலில் நடந்து வருகிறவன் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் படுத்துக்கொள்ள ஒரு இடம். இதை யோசித்த அதிகாரி யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருக்கிறது.

ராயலசீமை மக்கள் சிலையும் கேட்கவில்லை, கல்வெட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்தார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமி மன்றோவுக்குக் காட்சி கொடுத்தார் என்று பக்தர்கள் இன்றும் சொல்கிறார்கள். திருப்பதிக் கோவிலில் நிவேதனப் பாத்திரம் ஒன்றுக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். கடப்பைப் பக்கம் கண்டி என்ற இடத்தில், மலை இடுக்கின் மேலே பொன் தோரணம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததாம். அதைப் பார்த்தவர் நெடுநாள் இருக்க மாட்டார் என்பது ஐதீகம். இவற்றை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு வரிவசூல் அதிகாரியைப் பற்றி ஜனங்கள் இப்படிக் கதை கட்டினார்கள் என்பதே எனக்குப் போதுமான அதிசயம்.

அந்தக் கிணற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மன்றோ செத்தது காலராவில். காலரா தண்ணீரில் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றில் வருகிறது என்று டாக்டர்களே நம்பினார்கள். 1854-ல் லண்டனில் பிராட் தெருவில் இருந்த ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருக்கின்றன என்று ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அதேபோல், இறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கும் படிக்கிணறுகள் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பின. இந்த நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில்தான் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது. அதற்காகப் பல மாநிலங்களில் படிக்கிணறுகளை மூடினார்கள், அல்லது படி இறங்க முடியாதபடி மாற்றினார்கள். நல்ல மனதோடு வெட்டிய கிணறும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் நோயைத்தான் கொடுக்கும்.

நமக்கு இதெல்லாம் பழங்கதை அல்ல. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் கறை பிடித்து, முட்டி மடக்க முடியாமல் கவுண்டருக்கு வந்து நின்ற நாற்பது வயதுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். கைநாட்டு வைக்க விரலை நீட்டும்போதே வலிக்கும் அவர்களுக்கு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் நாம் நீரூற்றில் விட்டுப் பீய்ச்சி அடிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொதுக்குழுவில் நான் எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்று கேட்காதீர்கள், எனக்கே இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் பேத்தி அந்தக் காய்ந்த தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இது எப்போது ஓடும் தாத்தா என்று கேட்டாள். இடித்துவிடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சரி செய்வதென்றால் மோட்டார் வாங்கும் செலவை மட்டும் தீர்மானத்தில் எழுதாமல், மாதாமாதம் தொட்டி கழுவ யார், பில்டர் மாட்டிய அந்த மெலிந்த பைப்பை மாற்ற எவ்வளவு, கழுவிய நீரை எங்கே விடுவது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மழைநீர்த் தொட்டியிலிருந்தே ஓட்ட முடியுமா என்று சி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஜூனியர் இன்ஜினியர் பார்த்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

சென்னை போகிறவர்கள் தீவுத்திடல் பக்கம் போனால் சிலையை ஒரு பார்வை பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் கல்லறையைப் பார்க்க வேண்டுமானால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பத்திகொண்டாவுக்கு நான் இன்னும் போனதில்லை. ஜனவரியில் மந்திராலயம் போக வேன் பேசலாம் என்று நாலைந்து குடும்பங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தச் சம்மதிப்பவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.